பொங்கல் சொற்களுக்கு வேர் தேடுவது எப்படி? சிங்கப்பூரில் இருந்துகொண்டே செய்யலாம்

ஜனவரி பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் இந்த வேலையை உங்களிடம் கொடுத்துவிடுவார். சமூக மன்றத்துப் பொங்கல் விழாவுக்கு ஒரு விளக்கப் பலகை எழுத வேண்டும், அல்லது புளோக் கீழ்த்தளத்துக் கொண்டாட்டத்தில் சிறுவர்களுக்குப் புதிர்ப்போட்டி நடத்த வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் வந்து "போகின்னா என்னம்மா, போறதா?" என்று கேட்பாள். உடனே பலரும் செய்வது வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து அப்படியே ஒட்டுவது. அதில் கொஞ்சம் சரியாக இருக்கும், மீதி யாரோ ஒலியை மட்டும் வைத்துக் கட்டிய கதையாக இருக்கும், எது எந்த வகை என்று படிக்கிறவருக்குத் தெரியாது. பிள்ளைகள் அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

இதற்கு மொழியியல் பட்டம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: சாட்சி இல்லாமல் எந்தச் சொல்லுக்கும் பிறப்பு எழுதாதீர்கள். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு தமிழ்ச்சொல் ஒரு சாட்சி. பக்கத்து மொழியில் இருக்கும் உறவுச்சொல் ஒரு சாட்சி. பழைய பாட்டில் அந்தச் சொல் வரும் வரி ஒரு சாட்சி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தால் தைரியமாக எழுதுங்கள். ஒன்றுதான் கிடைத்தது என்றால் "இப்படி இருக்கலாம்" என்று எழுதுங்கள். எதுவும் இல்லையென்றால் அது கேட்க நன்றாக இருக்கும் ஒரு கதை, கதை என்று சொல்லியே சொல்லுங்கள்.

முதல் வேலை, ஒரு தாளில் உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களை, வாயில் வருகிற மாதிரியே எழுதுவது. "சக்கரப் பொங்கல்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பொங்கல், போகி, தை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, இஞ்சிக்கொத்து, மஞ்சள்கொத்து, முந்திரி, கோலம், குலவை, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று சரசரவென்று இருபது வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தேட முயலாதீர்கள். நான்கைந்தை எடுத்துக்கொண்டு முழுதாகத் தேடினால், மீதியைத் தேடும் வழி தானாகப் பிடிபட்டுவிடும்.

கையில் இருக்க வேண்டிய கருவி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிதான் முதல் துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் பின்னிணைப்பும் வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். அதில் பொருளைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பதிவில் அடைப்புக்குள் ஆங்கில எழுத்தில் டி, கே, எம் என்று இருந்தால் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதற்கு உறவுச்சொல் இருக்கிறது என்று பொருள். இடப்பக்கம் கூராக இருக்கும் ஓர் அம்புக்குறி போட்டு வேறொரு சொல்லைக் காட்டியிருந்தால், தொகுத்தவர்கள் இது அங்கிருந்து வந்தது என்று கருதினார்கள் என்று பொருள். இந்த இரண்டு குறிகளைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது துணை, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. இதுவும் அதே தளத்தில் இருக்கிறது. ஒரு வேர்ச்சொல்லுக்குத் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு தொடங்கி மலைவாழ் மக்களின் மொழிகள் வரை எங்கெல்லாம் உறவு இருக்கிறது என்று ஒரே பத்தியில் காட்டும். கணினி பிடிக்காதவர்கள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் அகராதிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கலாம். அப்புறம், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்தில் படிக்க முடியும். ஒரு சொல்லை நம் ஊரில் முன்பு எப்படி எழுதினார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. "தமிழர் திருநாள்" என்ற பெயரையே தேடிப் பாருங்கள். தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் இங்கே பொங்கலை ஒட்டி எல்லாத் தமிழரும் சமயம் பாராமல் கூடும் விழாவாக நடத்திய பெயர் அது. அந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு பெயரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் புரியும்.

வினையிலிருந்து தொடங்குங்கள்

பொங்கல் என்ற சொல்லில் மறைவு எதுவும் இல்லை. பொங்கு என்ற வினையோடு அல் சேர்ந்தது. முதல் சாட்சி நம் சமையலறையிலேயே இருக்கிறது: பொரியல், வறுவல், அவியல், துவையல். செய்யும் செயலே உணவின் பெயராகிவிடும் வழக்கம் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளிடம் வினையைச் சொல்லி உணவுப் பெயரைச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் அவர்களே அல் விகுதியைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது சாட்சி மலையாளம். அங்கே பொங்ஙுக என்றால் எழும்புவது, மேலே வருவது. திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பகவதி கோயிலில் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி வைப்பது பொங்காலை. தெலுங்கிலும் பொங்கு என்ற வினை இருக்கிறது, பொங்கலி என்ற உணவும் இருக்கிறது.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் காவல் பூதத்துக்குப் படையல் வைக்கும் இடத்தில் இப்படி வருகிறது:

"புழுக்கலும் நோலையும் விழுக்குடை மடையும்
பூவும் புகையும் பொங்கலும் சொரிந்து"

பொங்கல் என்ற சொல் படைக்கும் உணவின் பெயராக அப்போதே நிற்கிறது. அடுத்த வரியில் குரவையும் வருகிறது, கைகோத்து ஆடும் ஆட்டம். பானை பொங்கும்போது பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் குலவைக்கும் இந்தக் குரவைக்கும் உள்ள நெருக்கத்தைப் பேரகராதியில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துத் தேடிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். இந்த வரியைக் காட்டி "தைப் பொங்கல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது" என்று எழுதக் கூடாது. அந்தக் காதையில் நடப்பது சித்திரை மாதத்து விழா. சொல்லின் வயது வேறு, பண்டிகையின் வயது வேறு. பொங்கல் என்ற சொல்லும் படையலும் அவ்வளவு பழமை என்று மட்டும் எழுதுங்கள், அதுவே போதுமான பெருமை.

அந்த வரியின் முதல் சொல்லையும் விட வேண்டாம். புழுக்கல், வேகவைத்தது. இன்றைக்குப் புழுங்கல் அரிசி என்கிறோமே, அதே குடும்பம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல், அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது சுலபம், ஏனென்றால் "ஒரே புழுக்கமா இருக்கு" என்று வீட்டில் யாராவது தினமும் சொல்கிறார்கள், அதே வேர்தான். பச்சரிசியில் இருக்கும் பச்சை நிறத்தைச் சொல்லவில்லை, வேகாததைச் சொல்கிறது. பச்சைத் தண்ணீர் என்கிறோம் இல்லையா, அதைச் சாட்சியாக வையுங்கள்.

காணும் பொங்கலுக்கு அதிகம் தேட வேண்டாம். காண் என்ற வினைதான், பெரியவர்களையும் உறவினரையும் போய்க் காண்பது.

போகியில் நிதானம் வேண்டும்

"பழையதைப் போக்குவதால் போக்கி, அது போகி ஆயிற்று." இது எல்லாப் பலகையிலும் இருக்கும். அழகான விளக்கம், அன்று செய்யும் காரியத்தோடும் பொருந்துகிறது. ஆனால் சாட்சியைக் கேளுங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே நாள் இதே பெயரில் இருக்கிறது. அந்த எழுத்துகளில் நம் பகரத்துக்கு நான்கு எழுத்து உண்டு, அவர்கள் போகியை எழுதும்போது போகம் என்பதில் வரும் வடமொழி எழுத்தைத்தான் முதலில் போடுகிறார்கள். போக்கு என்ற வினையிலிருந்து போயிருந்தால் அந்த எழுத்துக்கு வேலை இல்லை. பேரகராதியும் போகி என்றால் போகம் உடையவன், இந்திரன் என்று பொருள் தருகிறது. மழைக்கு உரியவன் என்று இந்திரனை நினைத்துப் பொங்கலுக்கு முந்தின நாளைக் கொண்டாடியது என்ற விளக்கம் இதோடு சேர்கிறது. என் தீர்ப்பு, போகம் பக்கம்தான் சாட்சி கனமாக இருக்கிறது. பலகையில் இரண்டையும் எழுதுங்கள், எது மக்கள் சொல்லும் விளக்கம், எதற்குப் பக்கத்து மொழிகள் துணை நிற்கின்றன என்று பிரித்து எழுதுங்கள்.

போகி அன்று எல்லோரும் சொல்லும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" எங்கிருந்து வருகிறது தெரியுமா? அது வீட்டுச் சாமானைப் பற்றியதே இல்லை, சொற்களைப் பற்றியது! பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் வரும் நூற்பா. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்பது முழு வரி. காலப்போக்கில் சில சொற்கள் வழக்கிலிருந்து போவதும் புதியவை வருவதும் குற்றம் ஆகாது என்று ஓர் இலக்கணக்காரர் எழுதி வைத்ததை, நாம் பழைய பாயைத் தூக்கிப் போடும்போது சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எதையும் கொளுத்த முடியாது, துடைத்துக் கழுவி மூட்டை கட்டிப் போடுவதோடு நம் போகி முடிகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தாத்தா பாட்டி பயன்படுத்தி இப்போது நாம் விட்டுவிட்ட சொற்களை எழுதினால் நன்னூல் சொன்னதற்கே நேராக அமையும்.

தை என்ற ஒற்றை எழுத்து

தை என்பதைத் தைத்தல், தையல் என்று கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். மாதப் பெயரைத் தேடும்போது மற்ற பதினொரு மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தனியாக எடுத்தால் வழி தவறிவிடும். சித்திரைக்குச் சித்திரை நட்சத்திரம், வைகாசிக்கு விசாகம், கார்த்திகைக்குக் கார்த்திகை. முழுநிலா எந்த நட்சத்திரத்தின் அருகே வருகிறதோ அதுதான் பெயர். அப்படியானால் தைக்கு? பூசம். வடமொழியில் இந்த நட்சத்திரத்துக்குப் புஷ்யம் என்று ஒரு பெயர், திஷ்யம் என்று இன்னொரு பெயர். திஷ்யத்தை ஒட்டிய மாதம் தைஷம், அது தமிழில் தை. புஷ்யம் தமிழில் பூசம். ஆக, தைப்பூசம் என்று சொல்லும்போது ஒரே நட்சத்திரத்தின் இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடக்கும் நாளில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

"அப்போ தை தமிழ் இல்லையா?" என்று யாராவது மனம் வருந்திக் கேட்பார்கள். குறுந்தொகை 196ஆம் பாட்டை எடுத்துக் காட்டுங்கள். பாரியின் பறம்பு மலையில் தைத் திங்களில் சுனைநீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அதில் வருகிறது. சங்கப் புலவர் வாயில் அவ்வளவு இயல்பாக வந்த சொல், அத்தனை நூற்றாண்டுகளாக நம் வயலோடும் பனியோடும் சேர்ந்து வாழ்ந்த சொல், அதைத் தமிழ்ச்சொல் என்று சொல்ல நமக்கு யார் அனுமதியும் வேண்டாம். வேர் எங்கே என்பது ஒரு கேள்வி, யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புவதால்தான் வேர் தேடும் பேச்சு பாதி நேரம் சண்டையில் முடிகிறது.

பொருள் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்

பானைக்குள் போகும் பொருள்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. செடி, சரக்கு எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால் சொல்லின் பயணமும் தெரியும்.

சர்க்கரையை எடுங்கள். வடமொழியில் சர்க்கரா என்றால் சரளை, பொடிக்கல். பொடிக்கல்போலக் குருணைகுருணையாக இருந்ததால் இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. அது பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், ஐரோப்பா போய்ச் சுகர். தென்னிந்தியக் கரையில் போர்த்துகீசியர் மலையாளத்துச் சக்கரையைக் கேட்டு ஜாகரா என்றார்கள், அதிலிருந்து ஆங்கிலத்தின் ஜாகரி. சுகரும் ஜாகரியும் இரண்டு வழியாகப் போன ஒரே சொல்! தமிழுக்குள்ளும் இது ஒருமுறை மட்டும் வரவில்லை. பழைய தமிழில் அக்காரம் என்று ஒரு சொல் உண்டு, ஆண்டாள் "நூறு தடா நிறைந்த அக்கார அடிசில்" என்று பாடியிருக்கிறார். சர்க்கரா பிராகிருதத்தின் வழியே வந்தபோது முன்னால் இருந்த சகரம் உதிர்ந்து அக்காரம் ஆனது. சகரம் அப்படி உதிர்வது அப்போது வழக்கம், சபை என்பது அவை ஆனதும் சிராவணம் ஆவணி ஆனதும் இப்படித்தான். சர்க்கரைப் பொங்கலா சக்கரைப் பொங்கலா என்று திருத்திக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிராகிருதத்தில் சக்கரா என்றே சொன்னார்கள், மலையாளத்திலும் வெல்லத்துக்குச் சக்கரை என்ற பெயர் உண்டு. பாட்டி சொல்வது பிழை இல்லை. எழுத்தில் சர்க்கரை என்று வையுங்கள், பேச்சில் பாட்டியை விட்டுவிடுங்கள்.

தேக்கா சந்தையில் வெல்லம் வாங்கும்போது பக்கத்திலேயே குலா மலாக்கா என்ற மலாய் வெல்லம் இருக்கும். மலாயில் குலா என்றால் சீனி. அது வடமொழியில் வெல்லத்துக்கு இருக்கும் குடம் என்ற சொல்லிலிருந்து போனது. ஒரே அடுக்கில் இரண்டு பயணம்.

கரும்புக்குத் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் உறவுச்சொற்கள் இருக்கின்றன, ஆகவே நம் மொழிக் குடும்பத்தில் வேர்பிடித்த பெயர். ஆனால் செடி தூரத்துச் செடி. நாம் கடித்துச் சுவைக்கும் கரும்பை முதலில் வளர்த்தவர்கள் நியூகினித் தீவுப் பக்கத்து மக்கள். புறநானூறு 99இல் ஔவையார் அதியமானின் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்" என்கிறார். கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று ஓர் அரச குடும்பத்தையே புகழ்கிறார் என்றால், அது வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு அன்றைக்கு இருந்திருக்கிறது. அந்தத் தீவுகளுக்குத் தமிழ்நாட்டைவிடச் சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் உலக வரைபடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

முந்திரி தனியாகவே ஒரு மாலைப் பொழுதுக்குத் தாங்கும். மரம் பிரேசிலிலிருந்து வந்தது, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள். மலாயில் காஜூஸ் என்பதில் போர்த்துகீசியப் பெயர் இன்னும் கேட்கிறது. நம் முந்திரி? மலையாளி நண்பரிடம் முந்திரி என்றால் என்ன என்று கேளுங்கள், திராட்சைப் பழம் என்பார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் கேட்டால் முந்திரிகை என்பது திராட்சை, நீங்கள் சொல்வது மரமுந்திரிகை என்பார்கள். அதாவது முன்பே திராட்சைக்கு இருந்த பெயர், புதிதாக வந்த மரத்துக்கும் கொடுக்கப்பட்டு, தமிழ்நாட்டில் புதியவரிடமே தங்கிவிட்டது. நெய்யில் வறுத்த முந்திரியும் திராட்சையும் போடும்போது ஒரு காலத்துப் பெயரால் சொன்னால் இரண்டுமே முந்திரிதான்.

இஞ்சி பெரிய பயணம் போனது. இஞ்சிவேர் என்ற சொல் பாலி மொழியில் சிங்கிவேரம் ஆகி, கிரேக்கத்துக்குப் போய், கடைசியில் ஆங்கிலத்தில் ஜிஞ்சர். இதைச் சந்தேகம் இல்லாமல் எழுதலாம், இடையில் இருக்கும் ஒவ்வொரு படிக்கும் சான்று இருக்கிறது. ஆனால் அரிசிதான் கிரேக்க மொழியில் ஒருசா (oryza) ஆகி ரைஸ் ஆனது என்பதை அதே உறுதியோடு எழுத வேண்டாம். அறிஞர்கள் பலர் அதைப் பாரசீகப் பக்கத்து மொழிகள் வழியாக, வடமொழி விரீகியோடு சேர்த்தே பார்க்கிறார்கள். நமக்குப் பெருமை தரும் வேருக்கு மட்டும் சாட்சியைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இது இந்த வேலையிலேயே கடினமான இடம், இங்கேதான் நேர்மை தெரியும்.

நம் ஊரில் காலைத் தடுக்கும் இரண்டு சொற்கள்

பொங்கோல் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கும் பிள்ளை, "இது பொங்கலா?" என்று கட்டாயம் கேட்கும். இல்லை. அது மலாய்ப் பெயர். மரத்துப் பழத்தைக் கீழே தள்ள குச்சி வீசுவதைக் குறிக்கும் சொல் என்று விளக்கம் தருகிறார்கள். இதேபோல நீச்சல் குளத்தில் மலாயில் கோலாம் என்று எழுதியிருப்பதை நம் வாசல் கோலத்தோடு சேர்க்கக் கூடாது. ஆனால் அந்தச் சொல் தமிழிலிருந்து போனதுதான், நம் குளம்தான் அங்கே கோலாம். வாசலில் போடும் கோலம் வேறு, அது அழகு, தோற்றம் என்ற பொருளில் வருவது. மணக்கோலம், திருக்கோலம், அலங்கோலம் எல்லாம் அதன் குடும்பம். ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று நினைக்கும் பழக்கத்தை உடைக்க இந்த இரண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலை நடந்துகொண்டே சொல்லுங்கள்

மாடு என்ற சொல்லுக்குத் திருக்குறளே சாட்சி சொல்கிறது. "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை" என்ற 400ஆம் குறளில் மாடு என்றால் செல்வம். கால்நடைதான் சொத்து என்று இருந்த காலத்தின் தடம். லத்தீனிலும் கால்நடையின் பெயரிலிருந்துதான் பணத்தின் பெயர் பிறந்தது, ஆகவே இது உலகத்தில் மனிதர்கள் யோசித்த ஒரு பொது வழி.

இதைப் பலகையில் எழுதி நிறுத்துவதைவிட லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லுங்கள். தேக்கா சந்தையை ஒட்டி பஃப்ளோ ரோடு, கொஞ்சம் தள்ளி கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டகை. பெலிலியோஸ் ரோடு கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கால்நடை வணிகரின் பெயர். இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் மாடுகளை வைத்து வளர்த்து விற்ற இடம், அந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் நம்மவர் பலர். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியா கடைக்காரர்களின் சங்கமான லிஷா இந்தப் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். பிள்ளைகள் படம் எடுத்து முடித்ததும் தெருப்பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே மாட்டுப் பொங்கல் கொண்டாடுவது எவ்வளவு பொருத்தம் என்று அவர்களே சொல்வார்கள்.

ஜல்லிக்கட்டையும் அங்கேயே சொல்லிவிடலாம். கொம்பில் சல்லிக்காசு முடிப்பைக் கட்டுவதால் சல்லிக்கட்டு என்பது பரவலான விளக்கம். சல்லி என்ற காசு வழக்கில் இருந்தது, இலங்கையில் இன்றும் பணத்துக்குச் சல்லி என்கிறார்கள். கலித்தொகையில் முல்லைக்கலிப் பாட்டுகளில் வருவது ஏறு தழுவுதல். பழைய வழக்கம் அது, ஜல்லிக்கட்டு என்பது பின்னால் வந்த பெயர்.

எழுதி வைக்கும்போது

ஒரு பலகைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம், நின்று படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சாட்சியை ஒரு வரியில் எழுதுங்கள்: "மலையாளத்தில் பொங்காலை", "குறள் 400" என்று அவ்வளவு போதும். உறுதியானதைக் கறுப்பு மையிலும், இருக்கலாம் என்பதை நீல மையிலும், மக்கள் சொல்லும் கதையைப் பச்சையிலும் எழுதினால் படிப்பவருக்கு விளக்கம் சொல்லாமலே புரியும். பிறமொழிச் சொல் என்று தெரிந்ததை மறைக்காதீர்கள், அதற்காகத் தனி மூலையில் ஒதுக்கவும் வேண்டாம். சர்க்கரை இல்லாமல் பொங்கல் இல்லை.

பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் வையுங்கள். விழாவுக்கு வருகிறவர்களில் தஞ்சாவூர்ப் பக்கத்தார் இருப்பார்கள், இராமநாதபுரத்தார், நாகர்கோவிலார், யாழ்ப்பாணத்தார், மலையாளிகள், தெலுங்குக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் வீட்டில் இந்த நாளுக்கு, இந்தச் சடங்குக்கு, இந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துப் பாட்டி புதிர் எடுத்தல் என்று எழுதுவார், புது நெல்லை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவருவது. அதைப் படித்துவிட்டு மலையாளத்துக்காரர் எங்களிடம் புத்தரி இருக்கிறது, புது அரிசி, என்பார். குடகிலும் அதே பெயரில் அறுவடைத் திருவிழா இருக்கிறது. எழுதுகிறவரிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்ல மறக்காதீர்கள், பெயரும் தொலைபேசி எண்ணும் தேவையில்லை. தாள் நிறைந்ததும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒவ்வொரு சொல்லாகப் பேரகராதியில் தேடத் தொடங்குங்கள்.